பிரதி எங்கே இருக்கிறது?

(கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணினியைப் பற்றிப் பேச எழுபதைத் தாண்டிய கிழவனையா அழைத்தார்கள் என்று பின்வரிசையில் இருப்பவர்கள் நினைக்கலாம். நான் பௌதிகம் படித்து, அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். அரைகுறை யோசனை சொல்லி என் மைத்துனரின் தொழிலுக்கு நஷ்டம் உண்டாக்கியவன். அந்த அனுபவம்தான் எனக்குள்ள தகுதி.

மைத்துனர் மும்பை கலினாவில், தரைத்தளத்தில், சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகம் வைத்திருந்தார். இரண்டு கணினிகள், ஓர் உதவியாளர், நாற்பது வாடிக்கையாளர்கள். "தினமும் சாயங்காலம் கணக்குகளைத் தனி டிஸ்கில் பிரதி எடுத்து வை" என்று சொன்னவன் நான். அவரும் ஒரு நாள் தவறாமல் செய்தார். பிரதியை அதே மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

2005 ஜூலை 26. சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி நதி கரைபுரண்டது. அலுவலகத்தில் இடுப்பளவு தண்ணீர். கணினியும் போயிற்று, பிரதியும் போயிற்று. மூன்றாம் நாள் கணினியைத் துடைத்து, அவசரப்பட்டு மின்சாரம் கொடுத்ததில், டிஸ்கை மீட்க இருந்த கொஞ்ச வாய்ப்பும் போய்விட்டது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிற சமயம் வேறு. மைத்துனர் கடை கடையாக ஏறி இறங்கிப் பழைய ரசீதுகளைக் கேட்டு வாங்கினார். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வேறிடம் போய்விட்டார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பிரதி எடு என்று சொன்ன நான், எங்கே வை என்று சொல்லவில்லையே!

அதே 24 மணி நேரத்தில் கொலாபாவில் பெய்தது சுமார் 73 மில்லிமீட்டர்தான். இரண்டு இடங்களுக்கும் நடுவே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அந்த டிஸ்க் கொலாபாவில் யாராவது ஒரு சிநேகிதர் வீட்டு அலமாரியில் இருந்திருந்தால், ஒரு வாரத்தில் வேலை தொடங்கியிருக்கும்.

வேதத்தை நம் முன்னோர் காத்த விதத்தை யோசித்துப் பாருங்கள். ஒரே மந்திரம் பதம், கிரமம், ஜடை, கனம் என்று பல முறைகளில், பல ஊர்களில், பல பேர் நெஞ்சில் இருந்தது. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுத் திருத்தினார். கணினித் துறையில் சொல்லும் விதியும் இதே தோரணையில்தான் இருக்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில்.

வேறு இடம் இருந்தால் மட்டும் போதாது. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற கிருமி பல நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இத்தகைய கிருமிகள் கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆகவே, பிரதி எடுத்தவுடன் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். இணையச் சேமிப்பில் வைப்பவர்களும் கவனிக்க வேண்டும்: இங்கே அழித்தால் அங்கேயும் தானாக அழியும் ஏற்பாடு பிரதி ஆகாது. பழைய பதிப்புகளும் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது, கேட்டுத் திருத்துவது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரதியை வேறொரு கணினியில் போட்டு, போன வருஷத்து பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பிரதி. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். வெள்ளம் வந்தது என்பதால் வாடிக்கையாளரின் கணக்கு நம் பொறுப்பிலிருந்து நீங்கிவிடாது.

கடைசியாக ஒன்று, அபசகுனமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வெள்ளமும் கிருமியும் வராமலே முதலாளிக்கு ஏதாவது நேரலாம். கடவுச்சொற்கள் அவர் மனத்தில் மட்டும் இருந்தால், அத்தனை பிரதிகளும் வீண். அவற்றை எழுதி உறையிலிட்டு, வீட்டுக்காரியிடமோ கூட்டாளியிடமோ கொடுத்து, மாற்றும்போதெல்லாம் புதுப்பியுங்கள்.

மைத்துனரின் தொழிலை இப்போது அவர் மகன் நடத்துகிறான். அலுவலகம் முதல் மாடிக்குப் போய்விட்டது. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய டிஸ்க் ஒன்று மாதாமாதம் புணேயில் இருக்கும் அவன் அக்கா வீட்டுக்குப் போகிறது. போன மாதத்து டிஸ்க் பட்சணத்தோடு திரும்பி வருகிறது. தினசரிப் பிரதி இணையத்தில் இருக்கிறது.

நீங்கள் வியாபாரம் செய்யாவிட்டாலும், உங்கள் பிள்ளையோ மாப்பிள்ளையோ செய்யலாம். இன்று ராத்திரி போன் பேசும்போது, "பிரதி எடுக்கிறாயா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "எங்கே வைத்திருக்கிறாய், திறந்து பார்த்தாயா?" என்றும் கேளுங்கள். நான் கேட்க மறந்த கேள்வி அது.