சாக்கடையைப் பிரித்து வைத்த நகரம்

ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டுத் தலைநகர் விண்ட்ஹூக். ஆண்டு மழை சுமார் 360 மில்லிமீட்டர்தான். வற்றாத ஆறுகள் எல்லாம் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நாட்டின் எல்லையில் ஓடுகின்றன. அணையில் தேக்கினால் வெயில் குடித்துவிடுகிறது.

அதனால் 1968லேயே வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்து, நேரடியாகக் குடிநீர்க் குழாயில் சேர்க்கத் தொடங்கினார்கள். 2002இல் புதிய, பெரிய ஆலை வந்தது. நாம் பெருமையாகப் பேசும் சிங்கப்பூரின் நியூவாட்டர் 2003இல்தான் அறிமுகமானது. அதுவும் பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்கே போகிறது.

முகம் சுளிக்க வேண்டாம்! இயந்திரத்தை எவரும் விலைக்கு வாங்கலாம். நான் வியப்பது அவர்களின் சாக்கடைத் திட்டத்தைப் பார்த்துத்தான். தொழிற்சாலைக் கழிவுக்குத் தனி வழி. குடிநீராகப் போவது வீட்டுக் கழிவுநீர் மட்டுமே. இரசாயனம் கலந்தபின் பிரித்தெடுப்பதைவிட, கலக்காமல் பார்த்துக்கொள்வது எளிதல்லவா? மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மிஞ்சும் நீரையும் சுத்தப்படுத்தி, நிலத்தடிப் பாறை வெடிப்புகளுக்குள் செலுத்தி வைக்கிறார்கள். அங்கே வெயில் எட்டாது.

மழைக்குக் குறைவில்லாத நம் சிலாங்கூரில் 2020 செப்டம்பரில் என்ன நடந்தது? ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்ததால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் தண்ணீர் நின்றது. மக்கள் வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்திருந்தார்கள்.