கூரை வெப்பமும் பரண் விதையும்
(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பயிரைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ பேச வரவில்லை. உங்கள் தலைக்கு மேல் இருக்கும் கூரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வீட்டுக் கூரைக்கும் விவசாயத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்லி விடுகிறேன்.

என் சிறு வயதில் எங்கள் வீடு நாட்டு ஓடு வேய்ந்த வீடு. மழை ஒழுகுகிறது என்று ஓட்டைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டார் என் தந்தையார். அவ்வாண்டு சித்திரையில் பறித்த நிலக்கடலையை, வழக்கம் போல ஆடிப் பட்டத்து விதைக்காகப் பரணில் ஏற்றி வைத்தார். ஆடியில் விதைத்தபோது நூற்றுக்கு முப்பது கூட முளைக்கவில்லை. மண்ணைக் குறை சொன்னார், மழையைக் குறை சொன்னார். கடைசியில் கடன் வாங்கி விதை வாங்கினார். அதே காய், அதே பரண். மாறியது கூரை ஒன்றுதான் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

வெப்பம் வரும் வழி

நம் மாநிலத்தில் ஏப்ரல் மாதத்திலும், மீண்டும் ஆகஸ்ட் மாதத்தையொட்டியும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கிறது. ஆகவே சுவரைக் காட்டிலும் கூரையே அதிக வெயிலை வாங்குகிறது. அழுக்கேறிய கான்கிரீட் தளம் தன் மீது விழும் வெயிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறிஞ்சிக் கொள்ளும். கோடை மதியத்தில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைக் கூடத் தொடும்.

தகடு மெல்லியது. வாங்கிய வெப்பத்தை அப்பொழுதே கீழே இறக்கி விடும். கான்கிரீட் தளமோ கனமானது. வெப்பத்தைப் பிடித்து வைத்துக் கொண்டு, சில மணி நேரம் கழித்து மெல்ல இறக்கும். மெத்தை வீட்டுக்காரர்கள் இரவு பத்து மணிக்கும் வியர்வையில் புரண்டு கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். குழந்தைகளும் வயதானவர்களும் இரவில் உடல் சூடு தணியாவிட்டால் பெரிதும் துன்புறுவர். உயிருக்கே ஆபத்து நேரலாம். 2010ஆம் ஆண்டு மே மாதம் அகமதாபாத் நகரில் வீசிய கடும் வெப்ப அலையில் ஏராளமானோர் உயிரிழந்தனர். அதன் பிறகு 2013இல் அந்நகரம் வெப்பத்தைச் சமாளிக்கத் தனித் திட்டமே வகுத்தது. எளியவர்களின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதும் பின்னர் அத்திட்டத்தில் சேர்ந்தது.

கூரை வெப்பத்தைத் தணிக்க வழிகள் மூன்று. வெயிலைத் திருப்பி அனுப்புவது ஒன்று. இறங்கும் வெப்பத்தைத் தடுப்பது மற்றொன்று. உள்ளே சேர்ந்த அனலை வெளியேற்றுவது மூன்றாவது. செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம்.

1. சுண்ணாம்புப் பூச்சு

புதிதாகச் சுண்ணாம்பு பூசிய வெள்ளைத் தளம் ஏறக்குறைய முக்கால் பங்கு வெயிலைத் திருப்பி அனுப்பி விடும். அறையின் வெப்பம் 2 முதல் 5 டிகிரி வரை குறையக் காணலாம்.

மாசி மாதத்திலேயே வேலையைத் தொடங்குங்கள். தளத்தைப் பெருக்கிக் கழுவி, பாசியைச் சுரண்டி, வெடிப்புகளை அடையுங்கள். நன்கு சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே நீற்றி ஊற வைத்து, துணியில் வடிகட்டுங்கள். பூச்சு உதிராமல் ஒட்ட, கடையில் கிடைக்கும் பசையையோ வடித்த கஞ்சியையோ கலக்கலாம். தளத்தை ஈரமாக்கி, வெயில் தாழ்ந்த பின் மெல்லிய பூச்சாக இரண்டு அல்லது மூன்று முறை பூசவும். ஒரே தடவையில் கனமாகப் பூசினால் பொருக்காக உதிரும்.

சுண்ணாம்பு நீறும்போது கொதிக்கும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு; தெறித்து விட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் செல்லுங்கள். மழைநீரைச் சேமிக்கும் வீடுகளில் முதல் மழை நீரைத் தொட்டியில் விடாமல் வெளியேற்றி விடவும். மழையும் தூசும் பூச்சைக் கெடுத்து விடுவதால் ஆண்டுதோறும் புதுப்பிப்பது அவசியம்.

2. காற்றுப் போக்கி

சூடான காற்று மேலே ஏறி, கூரைக்கு அடியில் தேங்கும். அது வெளியேற உச்சியை ஒட்டி எதிரெதிர்ச் சுவர்களில் துவாரம் வேண்டும். பழைய நாட்டு ஓட்டு வீட்டில் ஓட்டின் இடுக்குகளே இவ்வேலையைச் செய்தன. தகடு போட்டபோது அவ்வழியை அடைத்து விட்டோம். துவாரங்களுக்குக் கம்பி வலை அடித்தால் எலியும் அணிலும் நுழையா.

3. தகட்டுக் கூரைக்கு உள்தட்டி

தகட்டுக்குக் கீழே ஓரடி இடைவெளி விட்டு, மூங்கில் பாயையோ தென்னங்கீற்றுத் தட்டியையோ கட்டுங்கள். இடைவெளியின் இரு முனைகளும் திறந்திருக்கட்டும். தகட்டின் அனல் தட்டியில் தடைப்பட்டு, மேலேயே வெளியேறி விடும்.

தெர்மோகோல் அட்டையும் பயன்படும். ஓர் அங்குலத் தெர்மோகோல் வெப்பத்தைத் தடுப்பதில் சுமார் 40 அங்குலக் கான்கிரீட்டுக்குச் சமம். வைக்கோலைப் போல அதுவும் அசையாத காற்றைத் தன்னுள் பிடித்து வைத்திருப்பதே காரணம். ஆனால் தீப்பிடித்தால் நச்சுப் புகை எழும். ஆகவே அடுப்படிக்கு மேலே தெர்மோகோலும் வேண்டாம், கீற்றும் வேண்டாம். மின் கம்பிகளைத் தட்டிக்குள் புதைக்காமல், குழாயில் விட்டு, இணைப்புகள் கண்ணுக்குத் தெரியுமாறு அமைக்க வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைத் துளைப்பதோ, அறுப்பதோ, உலர்ந்த நிலையில் தேய்ப்பதோ கூடாது. அதன் தூசு நுரையீரலில் படிந்து பல ஆண்டுகள் கழித்துக் கொடிய நோய் தரும். உள்தட்டியைத் தகட்டில் மாட்டாமல், மரச் சட்டத்திலோ சுவரிலோ மாட்டுங்கள். தகட்டின் மேல் நேராகக் காலை வைத்து ஏறாதீர்கள். உடைந்து விழுந்தால் பெரும் ஆபத்து.

4. தளத்தின் மேல் சுண்ணாம்புக் காரை

கான்கிரீட் வீட்டுக்கு நிலையான பரிகாரம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரையே. செங்கல் ஜல்லியுடன் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து, மூன்று அங்குலக் கனத்தில் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக் கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். வெப்பமும் குறையும், ஒழுக்கும் நிற்கும். மழைநீர் வழிந்தோடும்படி சரிவு கொடுக்க மறவாதீர்கள். நனைந்த தளம் வெப்பத்தைத் தடுக்காது.

இக்காரை சதுர அடிக்குப் பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ளது. பழைய தளமாக இருந்தால் பொறியாளரிடம் காட்டி, தாங்குமா என்று கேட்ட பிறகே போடவும்.

5. கொடிப் பந்தல்

மாட்டுக் கொட்டகைக்கும் கோழிக் கொட்டகைக்கும் இது ஏற்றது. கூரைக்கு ஓரடி மேலே கம்பிப் பந்தல் கட்டி, தையில் சுரையோ பீர்க்கோ நட்டால், பங்குனிக்குள் பந்தல் மூடி விடும். வெப்பம் மிகுந்தால் கறவை மாடு தீனி குறைத்துக் கொள்ளும், பாலும் குறையும். நிழலும் கிடைத்து, காயும் கிடைத்தால் இரட்டை லாபம் அல்லவா?

பரண் விதையைக் கீழே இறக்குங்கள்

விதைகளின் ஆயுளை ஆராய்ந்த ஹாரிங்டன் என்ற அமெரிக்க அறிஞர் ஓர் எளிய கணக்குச் சொன்னார். சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிக்கும். விதையின் ஈரப்பதம் ஒரு சதம் குறைந்தாலும் அவ்வாறே. இக்கணக்குப்படி, 50 டிகிரி அனலில் இருக்கும் பரணை விட 35 டிகிரியில் இருக்கும் தரை அறையில் விதை எட்டு மடங்கு காலம் உயிரோடு இருக்கும். எங்கள் வீட்டு நிலக்கடலை ஏன் முளைக்கவில்லை என்பது இப்போது உங்களுக்கும் விளங்கியிருக்கும்.

நிலக்கடலையைத் தோல் உரிக்காமல் காயாகவே, ஈரப்பதம் 9 சதத்துக்கு மிகாமல் உலர்த்தி, குளிர்ந்த வடபுற அறையில் கட்டைகளின் மேல் சுவரில் படாமல் அடுக்குங்கள். விதைக்குப் பத்து நாள் முன்பு நூறு பருப்பை ஈரச் சாக்கில் வைத்து முளைப்பை எண்ணிப் பாருங்கள். குறைந்தால் வேறு விதைக்கு வழி செய்ய அவகாசம் இருக்கும். என் தந்தையாருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

நான் சொன்னேன் என்று மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு அறைகள் இருந்தால் ஒன்றின் மேல் மட்டும் சுண்ணாம்பு பூசுங்கள். இரண்டிலும் ஒரே உயரத்தில் வெப்பமானியைத் தொங்க விட்டு, பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஒரு வாரம் குறித்து வாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பிறகு அடுத்த அறைக்கும் நீங்களே பூசி விடுவீர்கள்.

வயலில் நாள் முழுதும் வெயிலைத் தாங்குகிறவர்கள் நீங்கள். வீடு திரும்பிய பிறகாவது உங்கள் உடலும், உங்கள் குழந்தைகளும், அடுத்த பட்டத்து விதையும் குளிர்ச்சியாக இருக்கட்டும். வரும் மாசியிலேயே கூரையைக் கவனித்துப் பயன் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.