கட்டடப் பொருளுக்கும் ஜாதகம் பார்ப்போம்

(பழைய மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



கட்டுமானப் பொருள்களும் சுற்றுச்சூழலும் பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். இது சிவில்காரர்கள் விஷயம் என்று மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிட வேண்டாம். சொந்தமாக ஒரு வீடு கட்டணும் என்று நினைக்காத ஆள் இந்த ஹாலில் யாரும் இருக்க மாட்டார்கள். தவிர, கடைசியில் நம் பழைய விடுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லப் போகிறேன். அதற்காகவாவது இருங்கள்.

சைட்டுக்கு வருகிற வீட்டுக்காரர்கள் இப்போதெல்லாம் என்னைக் கேட்கிற முதல் கேள்வி, "சார், பசுமையா கட்டணும். எந்தக் கல் நல்லது?" என்பதுதான். கம்பெனிகளின் விளம்பரத் தாள்களைப் பார்த்தால் எல்லாமே பசுமைதான். சாம்பல் கல் விற்பவர், "வயல் மண்ணைத் தோண்டவே இல்லை" என்கிறார். ஏ.ஏ.சி. பிளாக் விற்பவர், "எடை குறைவு, வெயில் இறங்காது" என்கிறார். மண் கல் போடுபவர், "காளவாசலே வேண்டாம்" என்கிறார். இரும்புக் கம்பெனி, "எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம்" என்கிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஜாதகத்தில் தனக்குச் சாதகமான கட்டத்தை மட்டும் காட்டுகிறார்கள். பிறப்பு முதல் இறப்பு வரை முழுசாகப் பார்த்தால்தான் பொருத்தம் தெரியும். ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள்கூட இந்த ஜாதகத்தை மட்டும் பார்க்கலாம். இது முழுக்கக் கணக்கு.

இதற்கு ஆயுள் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். 1969-ல் அமெரிக்காவில் கோக-கோலா கம்பெனி, பானத்தை எந்த வகைப் பாத்திரத்தில் அடைத்தால் மூலப்பொருளும் எரிபொருளும் எவ்வளவு செலவாகிறது என்று ஆய்வு செய்யச் சொன்னது. அதைத்தான் இந்தத் துறையின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். 1997-ல் இதற்கு ஐ.எஸ்.ஓ. 14040 என்ற சர்வதேசத் தரம் வந்தது, 2006-ல் திருத்தப்பட்டது. நான்கு படிகள். எதை, எதற்காக ஒப்பிடுகிறோம் என்று எல்லை வகுப்பது ஒன்று. உள்ளே போவது, வெளியே வருவது எல்லாவற்றையும் பட்டியல் போடுவது இரண்டு. அதனால் காற்றுக்கும் தண்ணீருக்கும் மண்ணுக்கும் என்ன பாதிப்பு என்று கணிப்பது மூன்று. முடிவைச் சந்தேகத்தோடு படிப்பது நான்கு. நாலாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

முதல் படியிலேயே ஒரு வழுக்கல் உண்டு. ஒரு கிலோ செங்கல்லையும் ஒரு கிலோ ஏ.ஏ.சி. பிளாக்கையும் ஒப்பிட்டு அட்டவணை போடுகிறார்கள். யாராவது சுவரைக் கிலோ கணக்கில் வாங்குவோமா? ஒரு சதுர மீட்டர் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். 9 அங்குலச் செங்கல் சுவர் என்றால் ஏறத்தாழ 430 கிலோ. 8 அங்குல ஏ.ஏ.சி. சுவர் 120 கிலோ. கிலோவுக்கு ஒரு பதில் வரும், சதுர மீட்டருக்கு வேறு பதில் வரும். சுவர் கனம் குறைந்தால் அதைத் தாங்கும் பீம், தூண், அஸ்திவாரத்திலும் கம்பியும் கான்கிரீட்டும் குறையும். அதே சமயம் அந்தக் கல் தண்ணீரை உறிஞ்சும். பூச்சு வேலை சரியில்லை என்றால் விரிசல் விடும். அதையும் சேர்த்துத்தான் எழுதணும். பொருளை ஒப்பிடாதீர்கள், அது செய்கிற வேலையை ஒப்பிடுங்கள். மாணவர்கள் இதை நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்தது பிறப்பு. நம் தொழிலில் பெரிய கணக்கு சிமெண்டுதான். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 7, 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அடுப்பு எரிப்பதால்தானே என்று பலர் நினைக்கிறார்கள். பாதிக்கும் மேல் அடுப்பிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது. பள்ளிக்கூட வேதியியல்தான்: 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு, 44 கிராம் கரியமில வாயு. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லுக்குள் அடைந்து கிடந்த வாயுவை நாம் 1,450 டிகிரி சூளையில் ஒரு மணி நேரத்துக்குள் திறந்துவிடுகிறோம். சூளைக்குச் சூரிய மின்சாரமே கொடுத்தாலும் அந்த 44 கிராம் போகத்தான் போகும்.

அதனால் சிமெண்டுக்குள் இருக்கும் கிளிங்கரைக் குறைப்பதே வழி. அனல் மின்நிலையச் சாம்பலை 15 முதல் 35 சதவீதம் வரை சேர்க்க நம் ஐ.எஸ். 1489 இடம் கொடுக்கிறது. இரும்பு ஆலைக் கசடு சேர்த்த சிமெண்டுக்கு ஐ.எஸ். 455. இப்போது சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்த எல்.சி.3 சிமெண்டுக்கு 2023-ல் ஐ.எஸ். 18189 வந்துவிட்டது. அதில் கிளிங்கர் பாதிதான். களிமண்ணைச் சுட்டால் வெளியேறுவது நீராவி. சுண்ணாம்புக்கல் தூளைச் சுடுவதே இல்லை. சாம்பலை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. பிரிட்டனில் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது. அங்கே புதுச் சாம்பல் உற்பத்தி நின்றுவிட்டது. நம் ஊரில் இப்போதைக்குச் சாம்பல் மலைபோல் இருக்கிறது, எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, பயணம். இங்கேயும் பொருளுக்குப் பொருள் கணக்கு மாறும். தோராயமாக, ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் லாரியில் கொண்டுபோக 100 கிராம் கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டருக்கு 10 கிலோ. சாதா சிமெண்ட் ஒரு டன் தயாரிக்க 800, 900 கிலோ ஆகிறது. அதன் பக்கத்தில் இந்த 10 கிலோ ஒன்றுமில்லை. ஆனால் ஜல்லியை உடைத்து எடுக்க டன்னுக்குச் சில கிலோதான் ஆகும். அதையே 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து கொண்டுவந்தால், செய்த செலவைவிட வண்டிச் செலவு அதிகம். சிமெண்டில் கலவையைப் பாருங்கள், ஜல்லியிலும் மணலிலும் தூரத்தைப் பாருங்கள்.

நான்காவது, ஆயுள். நான் வலியுறுத்திச் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு கன மீட்டர் சாதா கான்கிரீட்டில் 350 கிலோ சிமெண்ட் என்றால், சுமார் 300 கிலோ கரியமில வாயு. 30 சதவீதம் சாம்பல் கலந்தால் ஏறத்தாழ 210. பேப்பரில் 90 கிலோ மிச்சம். முதலாவது 50 வருஷம் நின்றால் வருஷத்துக்கு 6 கிலோ. இரண்டாவது 25 வருஷத்தில் கம்பி துருப்பிடித்து உதிர்ந்தால் வருஷத்துக்கு 8.4 கிலோ. பசுமை என்று நினைத்ததுதான் அதிகம் கெடுத்திருக்கிறது!

ஏன் உதிர்கிறது? சாம்பல் கலந்த கான்கிரீட் மெதுவாகத்தான் பலம் ஏறும். அதற்குக் கூடுதல் நாள் தண்ணீர் வேண்டும். ஐ.எஸ். 456 சொல்வது, சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள். வெயில் காய்கிற ஊரில் 10, 14 என்று போகும். சைட்டில் நடப்பது என்ன? மூணாம் நாள் மேஸ்திரி, "மேலே நல்லா இறுகிடுச்சு சார், போதும்" என்கிறார். இன்ஜினியரும் தலையாட்டிவிடுகிறார். கவர் பிளாக்கிலும் இதே கதைதான். கடலோரத்தில் 45 மில்லிமீட்டர் கவர் வேண்டிய இடத்தில் உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுத்து 20 விடுகிறார்கள். உப்புக் காத்துக்குக் கம்பி எத்தனை நாள் தாங்கும்? ஒரு கவர் பிளாக் சில ரூபாய். அது காப்பாற்றுவது முழு பீமை. பசுமை என்பது விளம்பரத் தாளில் இல்லை, தண்ணீர் ஊற்றுகிற குழாயில் இருக்கிறது என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். கணக்கு அதைத்தான் சொல்கிறது.

மண் கல்லுக்கும் இதே நியாயம்தான். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1970-களிலிருந்து இதில் உழைத்திருக்கிறார்கள். ஆரோவில்லில் 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து அழுத்திய மண் கல்லில் மாடி வீடுகளே நிற்கின்றன. சுட்ட செங்கல் சுவருக்கு ஆகும் எரிசக்தியில் இதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அடியிலிருந்து ஈரம் ஏறாமல் தடுப்பும், மேலே நல்ல கூரை இறக்கமும் கொடுக்காவிட்டால் அந்த லாபமெல்லாம் நாலு மழையில் கரைந்துவிடும்.

ஐந்தாவது, இறப்பு. நம் பாடத்திட்டத்தில் கட்டுவதற்கு எட்டு செமஸ்டர் இருக்கிறது, இடிப்பதற்கு ஒரு பாடம் இல்லை. பழைய சுண்ணாம்புக் கலவைச் சுவரை இடித்துப் பாருங்கள். கலவை செங்கல்லைவிட மென்மை, அதனால் கல் முழுசாக வரும். தட்டி எடுத்து மறுபடி கட்டலாம். சிமெண்ட் கலவைச் சுவரில் கலவை விடாது, கல்தான் உடையும். காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூணும் கதவும் நிலையும் கடைகளில் விலைபோவதைப் பார்த்திருப்பீர்கள். பிரித்து எடுக்கிற மாதிரிக் கட்டியதால் அவற்றுக்கு மறுபிறவி கிடைக்கிறது. நம் கான்கிரீட்டுக்கு? உடைத்து ஜல்லியாக்கி, எம்.25 வரைக்கும் உள்ள கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று ஐ.எஸ். 383, 2016-லேயே அனுமதி தந்துவிட்டது. கேட்டு வாங்குகிற இன்ஜினியர்தான் குறைவு.

இனி, நம் விடுதி.

பழைய விடுதியை இடித்துவிட்டு 200 பேர் தங்கும் புதுக் கட்டடம் கட்டலாம், பழைய மாணவர்கள் நிதி தர வேண்டும் என்று ஒரு யோசனை இருப்பதை எல்லோரும் அறிவீர்கள். உணர்ச்சிவசப்பட்டு, "அங்கேதான் நாங்கள் தங்கினோம், இடிக்கக் கூடாது" என்று நான் சொல்லப் போவதில்லை. மெட்ராஸ் டெரஸ் கூரை சில இடங்களில் ஒழுகுகிறது. சில உத்தரங்களில் செல் அரித்திருக்கிறது. பிள்ளைகள் படுத்துத் தூங்குகிற இடம். பாதுகாப்பில் சமரசம் கிடையாது.

ஆனால் ஒரு கணக்கைக் காட்டுகிறேன். புதுக் கட்டடம் 2,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 0.35 கன மீட்டர் கான்கிரீட், 40 கிலோ கம்பி என்று உத்தேசமாகப் போட்டால், 700 கன மீட்டர் கான்கிரீட்டும் 80 டன் கம்பியும் வரும். கான்கிரீட்டுக்கு 210 டன் கரியமில வாயு. தாதுவிலிருந்து எடுத்த இரும்பு என்றால் டன்னுக்கு 2 டன்னுக்குக் குறையாது. அது 160 டன். சுவர், தரை, ஜன்னல், பெயிண்ட் எதுவும் சேராமலே 370 டன். ஒரு மாணவர்கூடக் குடியேறுவதற்கு முன்பே அது காற்றில் போய்விடும். பழைய கட்டடம் தன் பங்கை எப்போதோ செலுத்தி முடித்துவிட்டது.

அதற்காகப் பழையதுதான் ஜெயிக்கும் என்று இப்போதே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பழையதில் இடம் குறைவு. ஒரு மாணவர் ஒரு வருஷம் தங்குவதற்கு எவ்வளவு என்று இரண்டையும் ஒரே அளவுகோலில் 50 வருஷத்துக்குப் போட்டுப் பார்க்கணும். பழையதைச் செப்பனிட்டு, மிச்சப் பேருக்கு மட்டும் பக்கத்தில் சின்னதாகக் கட்டுவது என்ற மூன்றாவது வழியையும் கூடவே போடணும். எந்த உத்தரம் கெட்டிருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்காமல் மொத்தத்தையும் இடிக்கச் சொல்வது, பல்வலிக்குத் தலையை எடுக்கிற வைத்தியம்.

எனவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். நிதி திரட்டுவதற்கு முன் ஆறு மாதம் கொடுங்கள். இறுதியாண்டு சிவில் மாணவர்கள் இதையே தங்கள் புராஜெக்டாக எடுக்கட்டும். சோதனைக் கருவிகளை எங்கள் அலுவலகத்திலிருந்து நான் கொண்டுவருகிறேன். சனி, ஞாயிறுகளில் கூடவே நிற்கிறேன். மின்சாரம், தண்ணீர்க் கணக்குக்கு மற்றத் துறை நண்பர்கள் வரட்டும். கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி, அந்தப் பக்கம் முதல் காசோலை நான் தருகிறேன்.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு ஒரு வரைபடத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு சுரங்கம், ஒரு சூளை, ஒரு லாரி, ஐம்பது வருஷ மழை வெயில், கடைசியில் ஒரு குப்பை மேடு எல்லாம் வரிசையாக நிற்கின்றன. மை தொடுவதற்கு முன் அவற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.