தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் நைட் கார்ட் வாங்குமுன்

(பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



போன கூட்டத்தில் வெற்றிலை, புகையிலை பற்றிப் பேசினேன். முடிந்த பிறகு ஒரு அக்கா மெதுவாகப் பக்கத்தில் வந்து, "ஐயா, நான் ராவையில பல்லை நறநறன்னு கடிக்கிறேனாம். அடுத்த காம்பிராவுக்கே கேக்குதாம். டவுன்ல இதுக்கு ரப்பர் மாதிரி ஒண்ணு விக்கிறாங்களாமே, வாங்கலாமா?" என்று கேட்டார். அதற்குப் பதில்தான் இன்றைய பேச்சு. அந்த அக்கா யார் என்று யாரும் தேட வேண்டாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான்.

என் வீட்டிலே பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் நம்பவில்லை. தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? காலையில் எழும்பினால் கன்னப்பொறி வலிக்கும், காதடியில் இழுக்கும், ரொட்டியைக் கடிக்கக்கூட வாய் சரியாகத் திறக்காது. பல்லுவலி என்று நினைத்து ஓரிடத்தில் போய் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினேன். வலி போகவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினேன். அப்போதும் போகவில்லை. கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பல் டொக்டர் அம்மா, பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, கன்னத்துத் தசையை விரலால் அமுக்கி, "இங்கதானே வலிக்குது?" என்றார். உயிர் போகிற மாதிரி வலித்தது. "பல்லுல வருத்தம் இல்ல. ராவெல்லாம் கடிச்சுக் கடிச்சு தசைதான் களைச்சுப் போச்சு" என்றார். நல்ல பல் இரண்டு சும்மா போனது. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறாது. அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்: காலையில் மட்டும் தாடையும் கன்னப்பொறியும் வலித்தால், பல்லைப் பிடுங்கச் சொல்லி நீங்களாகக் கேட்காதீர்கள். "இராவில் பல்லைக் கடிக்கிறேனாம்" என்ற ஒரு வார்த்தையை டொக்டரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகள் விஷயம் வேறு. பிள்ளை பல்லைக் கடித்தால் வயிற்றிலே பூச்சி என்று நாம் சொல்வது வழக்கம். பூச்சி மருந்தைக் கொடுக்க வேண்டிய காலத்தில் கொடுங்கள், அது நல்லது. ஆனால் பல் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிறையப் பிள்ளைகள் கடிக்கும். பால் பல் விழுந்து புதுப் பல் வரும்போது பெரும்பாலும் தானாக நின்றுவிடும். வளருகிற வாய்க்குள் கடையில் வாங்கிய எதையும் வைத்து அடைக்காதீர்கள்.

பெரியவர்களுக்கு வருவதற்கு ஒரே காரணம் என்று இல்லை. மனக்கவலை, கடன் யோசனை, சிகரெட், சாராயம், இராத்திரி சாயம் கூடின தேத்தண்ணி, இதெல்லாம் கூட்டிவிடும். (தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு தேத்தண்ணியைக் குறை சொல்கிறேனே என்று சிரிக்க வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகு குறையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.) மன வருத்தத்துக்குக் குடிக்கிற சில மருந்துகளாலும் வரும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது, கொடுத்த டொக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, பலமாகக் குறட்டை விட்டு, நடுவிலே மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புகிறவர்கள் அதை முதலில் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட சிலருக்கு நைட் கார்ட் போட்டால் மூச்சுத் தடை கூடவும் பார்க்கும்.

சரி, நைட் கார்ட் என்ன செய்யும்? கடிக்கிற பழக்கத்தை அது நிறுத்தாது. இதைத் தெரியாமல் வாங்கித்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். செருப்புப் போட்டால் பாதத்துக்குப் பதிலாகச் செருப்பு தேய்கிறது அல்லவா, அந்த மாதிரி பல்லுக்குப் பதிலாக அது தேயும். தேய்ந்த பல் திரும்பி வளராது. ஆகவே காசு கொடுப்பது மிச்சம் இருக்கிற பல்லைக் காப்பாற்றத்தான்.

கடையில் பெட்டியில் கிடைப்பது ஒரு வகை. சுடுதண்ணீரில் போட்டு மெதுவாக்கி, வாயில் வைத்துக் கடித்து அளவாக்குவது. நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். வாய் நிறைய ஜவ்வு மாதிரி மொத்தமாக இருக்கும். எச்சில் ஊறும். விடியும்போது கம்பளிக்குள்ளே கிடக்கும்! ஐந்தாறு கிழமையில் கடித்து ஓட்டையும் போட்டுவிட்டேன். அவசரத்துக்குக் கொஞ்ச நாள் போடலாம், அவ்வளவுதான். விளையாட்டுக்காரர் போடுவது வேறு சாமான், இதற்கு ஆகாது. முன்பல்லை மட்டும் மூடுவதும் வருகிறது. அதை டொக்டர் பார்க்காமல் மாதக்கணக்கில் போட்டால் மற்றப் பல் இடம் மாறி, கடி பிசகிவிடும்.

பல் டொக்டர் அளவெடுத்துச் செய்வதுதான் மற்ற வகை. அதிலே ரப்பர் போல மெதுவானது உண்டு. கட்டுப் பல் தகடு செய்கிற அதே அக்ரிலிக்கில் கண்ணாடி மாதிரிக் கடினமாகச் செய்வதும் உண்டு. உள்ளே மெது, வெளியே கடினம் என்று இரண்டும் சேர்ந்ததும் உண்டு. மெதுவானது போட சுகம், ஆனால் சீக்கிரம் கிழியும், சிலர் அதை மெல்லவே தொடங்கிவிடுவார்கள். கடினமானது பழகும்வரை ஒன்றிரண்டு கிழமை இடைஞ்சல், பிறகு வருஷக்கணக்கில் உழைக்கும். என்னைப் போலப் பலமாகக் கடிக்கிறவனுக்குக் கடினமானதுதான் சரிவந்தது. உங்களுக்கு எது என்று வாயைப் பார்த்த டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு நாள் போய் வந்தால் போதாது. முதல் நாள் பசை மாதிரி ஒன்றை வாயில் வைத்து அளவெடுப்பார்கள். இன்னொரு நாள் போட்டுப் பார்த்து, நிறக் கடதாசியைக் கடிக்க வைத்து, மேடாக இருக்கிற இடத்தை ராவுவார்கள். அந்த இரண்டாம் நாளை விட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் பேர் போகுமே என்று யோசிப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் ராவாமல் போட்டால் வலி கூடி, தூக்கிப் போட்டுவிடுவீர்கள். பிறகு கொடுத்த காசும் போச்சு, நாளும் போச்சு. அதோடு, பல்லில் ஓட்டை இருந்தால் முதலில் அதை அடைத்துக்கொள்ளுங்கள். கார்ட் செய்த பிறகு பல்லை அடைத்தால் அது பொருந்தாது.

எல்லோரும் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பல் தேயாமல், வலியும் இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால், பிள்ளைகளின் கொப்பிக் காசை எடுத்து இதில் போடாதீர்கள். பகலில் வாய் மூடியிருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டாமல் இருக்கப் பழகுங்கள், படுக்குமுன் வெதுவெதுப்பான துணியைக் கன்னத்தில் வையுங்கள், ஆறு மாதத்தில் திரும்பவும் பல்லைக் காட்டுங்கள். பல் தேய்ந்து குட்டையாகிறது, வெடிக்கிறது, அடைத்தது கழன்று கழன்று விழுகிறது என்றால்தான் தாமதிக்கக் கூடாது. முதலில் நம் டிஸ்பென்சரியில் காட்டித் துண்டு வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி பல் பகுதிக்குப் போங்கள். அங்கே முடியாததற்குப் பேராதனைப் பல் வைத்தியசாலை இருக்கிறது. தனியாரிடம் போனால் அளவெடுக்குமுன்னே முழுத் தொகையையும், ராவுகிற நாளுக்கும் காசு உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வெற்றிலை போடுகிறவர்கள் இப்போதே மூன்று விரலை நெடுக்காகச் சேர்த்து முன்பல்லுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழையவில்லை, கறி உறைத்தால் வாய் எரிகிறது, உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடிப்பு இருக்கிறது என்றால் நைட் கார்ட் கதையை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது பாக்கினால் வருகிற இறுக்கமாக இருக்கலாம், புற்றுநோயாகவும் மாறக்கூடியது.

வாங்கினவர்கள் பச்சைத் தண்ணீரில் பிரஷால் கழுவுங்கள். சுடுதண்ணீர் பட்டால் நெளிந்துவிடும், அடுப்படியிலும் வைக்கக் கூடாது. மூடி உள்ள சின்னப் பெட்டியில், நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள். எச்சில் வாசத்துக்கு நாய் விடாது, என்னுடைய இரண்டாவது கார்ட் அப்படித்தான் போனது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் டிஸ்பென்சரியில் இருப்பேன். பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் கார்டையும் கொண்டுவந்து காட்டுகிறேன். கழுவித்தான் கொண்டு வருவேன், பயப்படாதீர்கள்.