வாய்ப் புற்றுநோயும் இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணிகளும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையிலே சமயம் பற்றியும் இலக்கியம் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டதோ ஒரு நோயைப் பற்றிய விடயம். உடம்பைப் பேணுதலும் அறமேயாதலால் இதற்கும் இங்கே இடமுண்டு என்று கருதுகின்றோம். இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் முன்வரிசையில் நிற்பது வாய்ப் புற்றுநோய். அதுவும் பெரும்பாலும் தானாக வருவதன்று. நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வருவது.

எமது உடம்பு எண்ணிறந்த கலங்களால் ஆயது. ஒவ்வொரு கலமும் வேண்டியபோது பிரிந்து பெருகும்; போதுமென்றபோது நின்றுவிடும். இந்த ஒழுங்கைக் காக்கும் பரம்பரை அலகுகள் பழுதுபட்டால் கலம் கட்டளைக்கு அடங்காது பெருகத் தொடங்குகின்றது. அதுவே புற்று. வாயிலே இப்பழுதை விளைப்பன முக்கியமாகப் புகையிலை, பாக்கு, மது என்னும் மூன்றுமாம். புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கூட்டு புற்றுநோயை உண்டாக்குமென உலகச் சுகாதாரத் தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985இல் அறிவித்தது. 2004இல் வெளியிட்ட நூலிலே, புகையிலை சேராத வெற்றிலைக்கூட்டும், தனிப் பாக்குங்கூட அவ்வாறே செய்யுமென உறுதிப்படுத்தியது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று ஆறுதல் கொள்வார் இதனைக் கவனித்தல் வேண்டும்.

இனி எமது பொருளுக்கு வருவோம். பெருகிய புற்றுக் கலங்கள் எதனை உண்டு வாழ்கின்றன? உணவும் ஒட்சிசனும் இரத்தத்தின் வழியாகவே வரவேண்டும். ஒட்சிசனோ இரத்தக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீற்றரின் பத்திலொன்று அல்லது ஐந்திலொன்று தூரத்துக்கு மேல் ஊறிச் செல்லாது. ஆகவே, புதிய குழாய்கள் கிடையாத புற்று, ஓரிரு மில்லிமீற்றர் அளவில், குண்டூசித் தலைபோல நின்றுவிடும். அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரில் பணியாற்றிய யூதா போக்மன் என்னும் சத்திர வைத்தியர் 1971இல் இக்கருத்தை எழுதி வெளியிட்டார். புற்று ஏதோவொரு பொருளைச் சுரந்து, பக்கத்திலுள்ள இரத்தக்குழாய்களைத் தன்பால் வளரச் செய்கின்றது என்றும், அதனைத் தடுத்தால் புற்றை அடக்கலாம் என்றும் அவர் கூறினார். அக்காலத்தில் அதனை நம்பாதோர் பலர்.

அப்பொருள் யாது? 1983இல் செங்கர், டுவோராக் முதலியோர் புற்றிலிருந்து இரத்தக்குழாய்களைக் கசியச் செய்யும் ஒரு புரதத்தைக் கண்டனர். 1989இல் பெராரா முதலியோர் குழாய்களை வளரச் செய்யும் புரதமொன்றைப் பிரித்தறிந்தனர். இரண்டும் ஒன்றே எனப் பின்னர் தெளிவாயிற்று. இதனையே இரத்தக்குழாய் அகவணி வளர்ச்சிக் காரணி என்கின்றனர். வைத்தியர்கள் சுருக்கமாக 'வீ. ஈ. ஜீ. எப்.' என்பர். கலங்களுக்கு ஒட்சிசன் குறைந்தால், அக்குறையை உணரும் வேறொரு புரதம் விழித்தெழுந்து இக்காரணியைச் சுரக்குமாறு ஏவுகின்றது. கலங்கள் ஒட்சிசனை உணரும் விதத்தை விளக்கிய கெலின், றற்கிளிவ், செமென்சா என்னும் மூவருக்கு 2019இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இக்காரணி தன்னளவில் தீயதன்று. கருவிலே குழந்தை வளர்வதும், காயம் ஆறுவதும் இதன் துணையாலேயே. ஆனால், காயம் ஆறியதும் உடம்பு இதனை அடக்கிவிடும். புற்றோ அடக்க விடாது. தோட்டத்துக்கு நீர் கட்டுபவனிடம் பொய் சொல்லித் தன் பாத்திக்கே ஓயாது வாய்க்கால் வெட்டுவிக்கும் கள்ளனைப் போன்றது அது. வெட்டுபவன் வேறெவனுமல்லன், எமது உடம்பேதான்.

வாயிலே இது நடக்கும் விதத்தைப் பார்ப்போம். கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ முதலில் வெள்ளைப் படையோ செம்படையோ தோன்றலாம். செம்படை அதிக ஆபத்தானது. இப்படைகள் புற்றாக மாறும்போது இழையத்தில் இரத்தக்குழாய்களின் தொகையும் இக்காரணியின் அளவும் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இவ்வாறு அவசரத்தில் எழுந்த குழாய்கள் ஒழுங்கற்றவை, கசிபவை. ஆகவே, புற்றுக் கலங்கள் அவற்றினுள் நுழைந்து வேற்றிடஞ் செல்லுதல் எளிது. இக்காரணியின் இனத்தைச் சேர்ந்த 'சீ' வகை நிணநீர்க் குழாய்களை வளர்க்கின்றது. வாய்ப் புற்று முதலிற் பரவும் இடம் கழுத்து நிணநீர்க் கணுக்களே என்பதை நினைத்தால், இதன் கொடுமை விளங்கும். மேலும், குழாய்கள் சீரற்றிருப்பதால் புற்றின் உள்ளே சில இடங்களில் ஒட்சிசன் குறைந்தேயிருக்கும். அவ்விடங்களிற் கதிர்ச் சிகிச்சையின் வலிமையும் குன்றும்.

அப்படியானால் இக்காரணியைத் தடுக்கும் மருந்து இல்லையா எனக் கேட்பீர்கள். உண்டு. பெவசிசுமாப் என்னும் மருந்து 2004இல் அமெரிக்காவிற் பெருங்குடற் புற்றுக்கு அனுமதி பெற்றது. தலை, கழுத்துப் புற்று திரும்பி வந்தோருக்கும் பரவியோருக்கும் வழக்கமான மருந்துகளுடன் இதனையுஞ் சேர்த்துக் கொடுத்த பெரிய சோதனையொன்றின் முடிவு 2019இல் வெளியாயிற்று. புற்று மீண்டும் வளருதல் சிறிது தாமதமாயிற்று. ஆனால் ஆயுள் நிச்சயமாக நீண்டதென்று சொல்லுமளவுக்குப் பயன் காணப்படவில்லை. இரத்தப் பெருக்கு முதலிய தீங்குகளோ கூடின. ஒரு வாய்க்காலை அடைத்தால் புற்று வேறு வாய்க்கால் தேடிக்கொள்கின்றது. ஆராய்ச்சி தொடரட்டும். ஆனால் அதனை நம்பி நாம் வாளாவிருத்தல் தகாது.

புற்று வாய்க்கால் வெட்டுமுன்னரே அதனைக் கண்டுபிடிப்பதே சிறந்த வழி. வயிற்றினுள்ளோ மூளையினுள்ளோ உள்ள புற்றைக் காணக் கருவி வேண்டும். வாயைக் காண ஒரு விளக்கும் இரண்டு கண்களும் போதும். கேரளத்துத் திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று வாயைப் பார்த்தனர். புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப் புற்றால் வரும் இறப்பு 34 சதவீதம் குறைந்ததென 2005இல் வெளியான அறிக்கை கூறிற்று. எமது நாட்டிலும் 1980களின் தொடக்கத்திலேயே ஆரம்ப சுகாதார ஊழியர்களைப் பயிற்றி இம்முயற்சி செய்து பார்க்கப்பட்டது.

ஆகவே இளைஞர்களே, உங்கள் வீட்டிலுள்ள அப்பு, ஆச்சியின் வாயை மாதமொருமுறை நல்ல வெளிச்சத்திற் பாருங்கள். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளைப் படை, செம்படை, கழுத்திலே கட்டி, வாய் திறப்பது குறைதல், உறைப்புப் பட்டால் எரிவு இவற்றுள் ஒன்று கண்டாலும் பல் வைத்தியரிடமோ வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லுங்கள். "நோவில்லையே" என்று பெரியோர் மறுப்பர். தொடக்கத்தில் நோவில்லாமையே இந்நோயின் வஞ்சகம்.

பெரியோர்களே, ஒன்று சொல்ல அனுமதியுங்கள். வெற்றிலை பாக்கு எமது மங்கலப் பொருள். தட்டத்தில் வைத்து மரியாதை செய்வதை எவரும் குறைகூறவில்லை. கும்பத்தடியில் வைப்பது வேறு; இரவு பகலாகக் கன்னத்தில் அடக்கி வைப்பது வேறு. முன்னாளிலே திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான யாழ்ப்பாணப் புகையிலையால் எங்கள் குடும்பங்கள் பல தலையெடுத்தன என்பதையும் மறக்கவில்லை. உழைத்தோருக்கு நன்றி சொல்வோம்; அதற்காக அதனை வாயிலிட வேண்டுமென்பதில்லை.

சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைத்து அமைகின்றோம். எமது விழாக்களில் தட்டம் இருக்கட்டும். புகையிலைச் சுருள் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு நாள் பல் வைத்தியரை அழைத்து, ஊரவர் எல்லோரின் வாயையும் பரிசோதிக்க ஒழுங்கு செய்வோம். குண்டூசித் தலையளவில் கண்டால் புற்று சிறு நோய்; வாய்க்கால் வெட்டி வளர்ந்தபின் கண்டால் அது பெரும் பகை. எப்பொழுது காண்பது என்பது பெரிதும் எங்கள் கையிலேதான் இருக்கின்றது.