எழுதியது யார் கை? போர்க்கால மருத்துவமனைக் கடிதங்கள்

  

முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைச் சான்றாகக் கொள்ளலாமா என்ற வழக்கு இவ்வவைக்குப் புதிதல்ல. பலருக்கு எழுத்து தெரியாது. கட்டிலருகே ஒருவர் கேட்டெழுதினார். தணிக்கை அதிகாரி பிரித்துப் படித்தார். ஆகவே அது சிப்பாயின் பேச்சே அல்ல என்று ஆய்வுத் தோழர்கள் சிலர் கருத்தரங்குதோறும் சொல்லிவருகிறார்கள். அந்த வாதம் நிற்காது. முத்துக்குளிப்பில், தோணியிலிருந்து மச்சான் கயிறு இழுத்தார் என்பதற்காக, குளித்தவன் எடுத்த சிப்பி அவனுடையதல்ல என்று இந்தத் திருச்செந்தூர்க் கரையில் யாரும் சொல்வதில்லை.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரை எடுத்துக்கொள்வோம். 1914 டிசம்பரில் அங்கிருந்த அரண்மனையே இந்தியர் மருத்துவமனையாயிற்று. சமயத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையற்கூடங்கள். அந்நகரில் சிகிச்சை பெற்றவர்கள் 12,000-க்கும் மேல்.

அவர்களில் ஒருவர் ஜமேதார் மீர் தஸ்த். 1915 ஏப்ரல் 26 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் நச்சுவாயுவுக்கு நடுவே நின்று, காயம்பட்ட அதிகாரிகள் எட்டுப் பேரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசேர்க்க உதவியவர். அதற்கு முந்தைய மாதம்தான் உடன்பிறந்த மீர் மஸ்த் ஜெர்மானியர் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார். ஆகஸ்ட் 25 அன்று பிரைட்டன் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே மீர் தஸ்துக்கு விக்டோரியா சிலுவையை அணிவித்தார். பதக்கம் வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை காயம்பட்டுத் தேறியவர்களைத் திரும்பவும் போர்முனைக்கு அனுப்ப வேண்டாம் என்று மன்னரிடமே கேட்டார். அந்நாட்களில் ஊருக்குப் போன கடிதத்தில், பதக்கம் பெரிதுதான், ஆனால் வாயு தன் உடம்பை முடித்துவிட்டது என்றார்.

அவரே எழுதினாரோ, எழுதுவித்தாரோ. இந்தக் குறையை இட்டுக்கட்டுவதால் கேட்டெழுதுபவருக்கு என்ன லாபம்? தணிக்கைத் தலைவர் ஹோவெலின் அலுவலகம் கடிதங்களை ஆங்கிலத்தில் படியெடுத்தது நயத்துக்காக அல்ல, சிப்பாய்களின் மனநிலையை உளவறிய. மூலங்கள் ஊருக்குப் போய்விட, இன்று லண்டனில் எஞ்சியிருப்பவை அந்த ஆங்கிலப் படிகளே. பிறர் படிப்பார்கள் என்பது சிப்பாய்க்கும் தெரியும். அதனால்தான் இந்தியப் படையைக் கருமிளகு என்றும் வெள்ளையர் படையைச் செம்மிளகு என்றும் எழுதவைத்தான். சொல்லைத் தேர்ந்தவன் அவன்தானே?

தொண்டர்கள் பக்கம் சுருக்கமாக. லண்டனில் காந்தி திரட்டிய தொண்டர் படை நெட்லி மருத்துவமனையில் பணிசெய்தது. ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களும் சிப்பாய்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தார்கள். 1916-இல் அதன் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலர் ஆனவர் சேலத்துத் தமிழர் கே.டி. பால். தொண்டர்களின் பணி தனி நூலுக்கு உரிய பொருள்.

நேரமாகிவிட்டது. தணிக்கை ஏடுகளில் வடக்கத்திக் கடிதங்களே மிகுதி. ஆகவே 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் போரிட்ட 63-ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையின் கடிதங்களை இளையவர் எவரேனும் தேடலாம். திருநெல்வேலித் திருச்சபைகளின் பழைய இதழ்கள், ‘மெட்ராஸ்’ மருத்துவமனைக் கப்பலின் பதிவுகள், பெங்களூரில் உள்ள மதராஸ் சாப்பர்களின் ஆவணங்கள், வீட்டுப் பரண்கள்... இவற்றில் முதலில் பரண்களைப் பார்ப்பது நல்லது. மற்றவற்றுக்கு அனுமதி வாங்கவே நாள் பிடிக்கும்.