தாய் வீட்டுக் கதவு

(கேலாங்கில் மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தாய்மார்களே! சகோதரிகளே! பின்வரிசையில் கைகட்டி நிற்கும் தோழர்களே! 

இன்று நான் சட்டம் பற்றிப் பேசுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் வரும் வழியில், கேலாங் ஈஸ்ட் சிவன் கோயில் வாசலில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாளைக் கண்டேன். கன்னம் வீங்கியிருந்தது. "படிக்கட்டில் விழுந்துவிட்டேன்" என்றார். நம் பெண்கள் மட்டும் எத்தனை முறைதான் படிக்கட்டில் விழுவார்களோ, நானறியேன்! கொஞ்ச நேரம் கழித்து அவரே உண்மையைச் சொன்னார். "போலீசுக்குப் போனால் ராத்திரி எங்கே படுப்பேன்? தாய் வீட்டில், நீயாகத் தேடிக்கொண்டவன், நீயே பார்த்துக்கொள் என்கிறார்களே" என்றார். ஆகவே சட்டத்தைச் சற்றுப் பின்னால் தள்ளி, சென்னையைச் சேர்ந்த ஒரு தாயின் கதையை முதலில் சொல்ல உங்கள் அனுமதியைக் கோருகிறேன்.

அவர் பெயர் பாட்ரிசியா நாராயண். நாகர்கோயிலில் பிறந்த கிறிஸ்தவப் பெண். 17 வயதில் வேறு மதத்தவர் ஒருவரை விரும்பி, வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். சில மாதங்களில் பெற்றோருக்கு விஷயம் தெரிந்தது. அவருக்கோ கணவரின் சுயரூபம் தெரிந்தது. குடி ஒரு பக்கம், போதை மருந்து மறுபக்கம். கேட்ட பணம் கிடைக்காவிட்டால் அடி, சிகரெட் நெருப்பால் சூடு. இவையெல்லாம் அவரே பிற்காலத்தில் பத்திரிகைகளுக்குச் சொன்னவை. கையில் இரண்டு பிள்ளைகள்.

மகள் செய்த திருமணத்தைத் தகப்பனார் மன்னிக்கவில்லை. ஆனால், தோழியரே, கதவைச் சாத்தவுமில்லை. "வா, இங்கே இரு" என்று இடம் கொடுத்தார். தாயார் சில நூறு ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்தில் ஊறுகாயும் ஜாமும் பழரசமும் தயாரித்தார் மகள். தாயார் அவற்றைத் தம் அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். ஒரே நாளில் தீர்ந்துவிட்டன.

பிறகு ஒரு தள்ளுவண்டி கிடைத்தது. உடல் ஊனமுற்ற இருவருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. மெரினா கடற்கரையில் அந்த வண்டியை நிறுத்த அனுமதி வாங்கவே ஓராண்டு அலைந்தார். 1982 ஜூனில் வியாபாரம் தொடங்கியது. முதல் நாள் விற்றது என்ன தெரியுமா? ஒரே ஒரு கோப்பை காப்பி. வரவு 50 பைசா! வீட்டுக்கு வந்து அழுத மகளைப் பார்த்து, "ஒன்றாவது விற்றதே, நாளைக்குப் பார்" என்றார் தாயார். மறுநாள் 600, 700 ரூபாய்க்கு விற்றது.

பத்திரிகைக்காரர்கள் இந்த 50 பைசாவைத்தான் தலைப்பிலே போடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கோ அந்தத் தாய் சொன்ன சொல்தான் பெரிதாகப் படுகிறது. காப்பி விற்காத இரவில் திரும்பிப் போக அவருக்கு ஒரு வீடு இருந்தது. இல்லாவிட்டால் மறுநாள் வண்டியைத் தள்ள ஆள் ஏது?

அதன்பின் குடிசை மாற்று வாரியத்தின் சிற்றுண்டிச்சாலையை நடத்தும் வாய்ப்பு வந்தது. விடியற்காலை 5 மணிக்கு இட்லி, பிற்பகலில் கடற்கரை, இரவு 11 மணிக்கு வீடு. ஒரு நாள் கணவரோடு சண்டை. கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய் இறங்கினார். எதிரே துறைமுக நிர்வாகப் பயிற்சி நிலையம். உள்ளே போய், "நான் சமையல் காண்டிராக்டர்" என்றார். அவர்களும் அப்போது ஆள் தேடிக்கொண்டிருந்தார்களாம். 700 மாணவர்களுக்குச் சமையல். முதல் வாரக் கூலி 80,000 ரூபாய். எல்லா பஸ்ஸும் அப்படி ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

2002-இல் கணவர் இறந்தார். 2004-இல் மகளுக்குத் திருமணம் செய்து வைத்தார். ஒரு மாதம்கூட முழுதாய்க் கழிந்திருக்காது, மகளும் மருமகனும் சாலை விபத்தில் மாண்டார்கள். உயிர் போய்விட்டது என்று ஆம்புலன்ஸ்காரர்கள் ஏற்றிச் செல்ல மறுத்துவிட்டார்கள். யாரோ ஒருவர் காரின் பின்பெட்டியில் சடலங்களை வைத்துக் கொண்டுவந்தார். பெற்றவள் அதைப் பார்த்தாள். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்தது 2008-இல்தான். அச்சிறுபாக்கத்தில் தம் செலவில் ஓர் ஆம்புலன்ஸை நிறுத்தி வைத்தார் அவர். உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. 2006-இல் மகள் நினைவாக 'சந்தீபா' என்ற உணவகத்தை மகனோடு சேர்ந்து திறந்தார். இரண்டு பேரோடு தொடங்கியவரிடம் 2010 வாக்கில் 200 பேர் வேலை பார்த்தார்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். அவர் கடற்கரையில் வண்டி நிறுத்திய 1982-இல், மனைவியைக் கொடுமைப்படுத்துவது தனிக் குற்றம் என்று சொல்லும் 498-ஏ பிரிவு இந்தியாவில் இல்லை. அது 1983-இல் வந்தது. வீட்டு வன்முறைக்கெனத் தனிச் சட்டம் 2005-இல் வந்தது. அண்டை மலேசியாவில் 1994-இல் இயற்றினார்கள். இங்கே நமக்கு 1961 முதல் மாதர் சாசனம் இருக்கிறது. அடிப்பவர் நெருங்காதபடி குடும்ப நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் ஒரு வெள்ளி. ஆம், ஒரே ஒரு வெள்ளி! அடித்தால்தான் என்றில்லை, ஓயாமல் மிரட்டித் தொல்லை கொடுத்தாலும் கேட்கலாம்.

ஆனால் ஆணைத்தாள் தலையணை ஆகாதே! தோட்டத்து லயங்களில் நம் பாட்டிமார் விடியுமுன் பால் வெட்டப் போனார்கள். அவர்கள் வாங்கிய கூலி எத்தனை வீடுகளில் நேரே கள்ளுக்கடைக்குப் போயிற்று என்று பெரியவர்களைக் கேளுங்கள். அடிபட்டவள் அடுத்த லயத்துக்காரி வீட்டில் படுத்தெழுந்து, மறுநாளும் வேலைக்குப் போனாள். இன்று கதவுக்குக் கதவு பூட்டு. கையில் சொந்தப் பணமும் இல்லை, சாவியும் இல்லை என்றால், எந்தப் பெண் ஆணை வாங்கத் துணிவாள்?

பெண்ணைப் பெற்ற அப்பாமாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கோபம் இருக்கட்டும். பாட்ரிசியாவின் தகப்பனாருக்கும்தான் இருந்தது. இன்றிரவே மகளுக்குப் போன் செய்து, "கதவு திறந்திருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

தாய் வீடே இல்லாதவர்களுக்குத் தங்குமிடங்கள் உண்டு. 1800-777-0000 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். குறித்துக்கொள்ளுங்கள், கைப்பையில் வேண்டாம், மனதில். கூட்டம் கலைந்த பிறகும் நான் ஒன்பது மணி வரை இந்த மேசையருகேதான் இருப்பேன். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் வாருங்கள், எழுதித் தருகிறேன். பேனா என்னிடம் இருக்கிறது.